பாலிக்கு டிக்கெட் போட்டாச்சு, ரூம் எங்க போடறது?

இன்னைக்கு எபிசோட் பாலி பத்தி. பார்க்க வேண்டிய பத்து இடங்கள் மாதிரி லிஸ்ட் எதுவும் சொல்லப் போறதில்லை, அதுக்கு ரீல்ஸே போதும். டிக்கெட் போட்ட மறுநாள் நம்ம வாட்ஸப் குரூப்ல ஒரு சண்டை ஆரம்பிக்கும் இல்லையா, எந்த ஏரியாவுல தங்கறதுன்னு? அதைப் பத்தி மட்டும் பேசுவோம்.

இந்தச் சண்டை நியாயமானதுதான். பாலின்னா ஒரு பீச் இல்லை, கிழக்கு மேற்கா சுமார் 150 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு தீவு. ரயில் கிடையாது. கட்டடம் எதுவும் பொதுவா 15 மீட்டருக்கு மேல போகக்கூடாதுன்னு ஒரு விதி இருக்கு. தென்னை மரத்தைத் தாண்டக் கூடாதுங்கறது கணக்கு. அதனால ஊர் மேல வளராம பக்கவாட்டுல பரவிடுச்சு, ரோடு மட்டும் சின்னதாவே இருக்கு. சாங்குல இருந்து உலுவாட்டு சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனா சாயங்கால டிராஃபிக்ல ஒன்றரை மணி நேரம், ரெண்டு மணி நேரம் ஆகறது சாதாரணம். எங்கயாவது ரூம் போட்டுட்டு எல்லா இடத்துக்கும் போய்க்கலாம்னு பிளான் பண்ணா, லீவுல பாதி கார் ஜன்னல் வழியாதான் போகும்.

முதல்ல மேப்பை மனசுல வரைஞ்சுக்கோங்க. தீவோட தெற்குல ஒரு குறுகலான கழுத்து மாதிரி நிலம். விமான நிலையம் அங்கதான். அங்க இருந்து மேற்குக் கரையோரமா வடக்கே போனா வரிசையா குட்டா, லெகியான், செமின்யாக், சாங்கு. கிழக்குக் கரைக்குப் போனா சனூர். கழுத்துக்குக் கீழே ஒரு தீபகற்பம் இருக்கு. அதோட மேற்குப் பக்கம் ஜிம்பரான், உலுவாட்டு. கிழக்குப் பக்கம் நூசா துவா. உபுட் பேரை எல்லாரும் சொல்லுவாங்க, ஆனா அது தீவுக்கு உள்ளே இருக்கு, அங்க கடலே கிடையாது.

இப்போ முதல் கேள்வி. எந்த மாசம் போறீங்க?

நம்மள்ல பாதிப் பேர் இயர் எண்ட் லீவுலதான் போறோம். டிசம்பர்ல நமக்கு வடகிழக்குப் பருவக்காற்று. அந்தக் காற்று நிலநடுக்கோட்டைத் தாண்டும்போது திசை திரும்பிடும். அதனால பாலிக்கு அது மேற்கு, வடமேற்குல இருந்து அடிக்கும். அதுதான் அங்க மழைக்காலம், கிட்டத்தட்ட நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும். ஆறு கொண்டு வர்ற குப்பையும், கடல்ல மிதக்கிற பிளாஸ்டிக்கும் மேற்குக் கரையில ஒதுங்கும். குட்டா பீச்சுல டிராக்டர் வச்சு குப்பை அள்ளற வீடியோ பார்த்திருப்பீங்க, அது இந்த சீசன்ல எடுத்ததுதான். ஸோ, டிசம்பர், ஜனவரின்னா கிழக்குக் கரையை, அதாவது சனூர், நூசா துவாவை முதல்ல யோசிங்க. மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் நிலைமை அப்படியே தலைகீழ். காற்று தென்கிழக்குல இருந்து வரும், மேற்குக் கரை சுத்தமா இருக்கும், சர்ஃபிங்குக்கும் அதுதான் நல்ல நேரம்.

ரெண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியம். உங்க கூட வர்றவங்கள்ல யார் மெதுவா நடப்பாங்க?

ஒரு சிஸ்டத்தோட வேகத்தை அதுல இருக்கிற மெதுவான பகுதிதான் முடிவு பண்ணும்னு நமக்குத் தெரியும். டிரிப்பும் அப்படித்தான். முதல் முறையா பாஸ்போர்ட் எடுத்து அம்மா அப்பாவைக் கூட்டிட்டுப் போறவங்க இதைக் கேட்டுட்டு இருக்கீங்கன்னு தெரியும், நிறைய மெயில் வருது. உலுவாட்டு போட்டோவுல பிரமாதமா இருக்கும். ஆனா அது செங்குத்தான பாறை மேல இருக்கிற ஊர். பல பீச்சுக்கு நிறைய படி இறங்கணும். பாடாங் பாடாங் பீச்சுக்குப் பாறை இடுக்கு வழியாதான் படி. இறங்கினவங்க திரும்ப ஏறியாகணும். முட்டி வலி இருக்கிற அம்மா அங்க என்ன பண்ணுவாங்க? மூணு நாளும் ரூம் பால்கனியில உட்கார்ந்து, "நீங்க போய்ட்டு வாங்கப்பா, நான் இருக்கேன்"னு சொல்லுவாங்க. அவங்க குறை சொல்ல மாட்டாங்க. அதனாலதான் புக் பண்றதுக்கு முன்னாடி நாம யோசிக்கணும்.

சனூர்ல கடலை ஒட்டியே அஞ்சு கிலோமீட்டருக்கு மேல நடைபாதை இருக்கு. வண்டி வராது, சமதளம், வழியெல்லாம் சின்ன கடைகள். காலைல உங்களை எழுப்பாமலேயே அப்பா கிளம்பிப் போய் சூரிய உதயம் பார்த்து, காபி குடிச்சுட்டு வந்துடுவார். சின்னப் பசங்க, சாங்கு காரங்க எல்லாம் சனூரை போர்னு சொல்லுவாங்க. ஒருத்தருக்கு போர், இன்னொருத்தருக்கு சுதந்திரம்.

கடலுக்குள்ள இறங்கற விஷயத்துலயும் இந்த வித்தியாசம் இருக்கு. சனூர், நூசா துவாவுல பவளப்பாறைத் திட்டு அலையை வெளியிலயே உடைச்சிடும். தண்ணி குளம் மாதிரி இருக்கும். ஆனா ஓதம் இறங்கற நேரத்துல முழங்கால் அளவுகூட இருக்காது, பாறையும் பாசியும்தான். அந்த நாளோட ஓத நேரத்தை முன்னாடியே பார்த்துக்கோங்க. குட்டாவுல இருந்து சாங்கு வரைக்கும் திறந்த கடல், ஆளை உள்ளே இழுக்கிற நீரோட்டம் உண்டு. சர்ஃபிங் கத்துக்க குட்டா நல்ல இடம். நீச்சல் தெரியும்ங்கற தைரியத்துல மட்டும் சிவப்புக் கொடி பக்கம் போகாதீங்க.

மூணாவது கேள்வி. ஸ்கூட்டர் இல்லாம உங்க நாள் ஓடுமா?

சாங்கு, உலுவாட்டு ரெண்டுமே ஸ்கூட்டரை நம்பி இருக்கிற ஊர். பல இடத்துல நடைபாதையே கிடையாது. இருசக்கர வண்டிக்குச் செல்லுபடியாகிற சர்வதேச ஓட்டுநர் அனுமதி இல்லாம ஓட்டி ஆக்சிடென்ட் ஆனா, டிராவல் இன்ஷூரன்ஸ் கைவிரிக்க வாய்ப்பு ரொம்ப அதிகம். கையில காசு கட்டாம ஆபரேஷன் நடக்காத நிலைமையில அது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிங்க. கிராப், கோஜெக் இருக்கேன்னு கேட்பீங்க. இருக்கு. ஆனா சில ஏரியாவுல உள்ளூர் டிரைவர்கள் ஆப் வண்டி பிக்கப்பை அனுமதிக்கறதில்லை, போர்டே வச்சிருப்பாங்க. வண்டி ஓட்டாதவங்களுக்கு சனூர், நூசா துவா, செமின்யாக், குட்டா வசதி.

சுருக்கமா என் கணக்கு இது. பெற்றோர், குழந்தைகள் கூட வந்தா சனூர். ரிசார்ட்டை விட்டு வெளியே வராம ஓய்வெடுக்கணும்னா நூசா துவா. முதல் டிரிப், கையில பட்ஜெட் கம்மி, ஏர்போர்ட் பக்கத்துல இருக்கணும்னா குட்டா, லெகியான். சாப்பாடு, ஷாப்பிங், கொஞ்சம் நைட் லைஃப்னா செமின்யாக். லேப்டாப்போட ஒரு மாசம் இருந்து வேலை பார்க்கறவங்களுக்கு சாங்கு. சர்ஃப், சூரிய அஸ்தமனம், கூடவே திடமான முட்டின்னா உலுவாட்டு. அஞ்சு ராத்திரி வரைக்கும் ஒரே இடம் போதும். ஏழு ராத்திரின்னா கடற்கரையில நாலு, உபுட்ல மூணு. ஒவ்வொரு தடவை ரூம் மாத்தும்போதும் அரை நாள் போயிடும், அதனால மூணாவது இடம் வேண்டாம்.

பணம் கட்டறதுக்கு முன்னாடி மூணு விஷயம் செக் பண்ணுங்க. ஒண்ணு, "பீச்சுக்கு அஞ்சு நிமிஷம்"னு போட்டிருந்தா நடந்தா, ஸ்கூட்டர்லயான்னு மேப்ல அளந்து பாருங்க. ரெண்டு, நீங்க போற அதே மாசம் போன வருஷம் போனவங்க எழுதின ரிவ்யூவைப் படிங்க. பக்கத்துல கட்டட வேலை நடக்குதான்னும் அதுலயே தெரிஞ்சிடும். மூணு, மார்ச்ல போறதா இருந்தா ஞேபி நாள் எப்போன்னு பாருங்க. அது அவங்களோட மௌன நாள். ஏர்போர்ட் 24 மணி நேரம் மூடியிருக்கும், ரோட்டுலயோ பீச்சுலயோ யாரும் கால் வைக்க முடியாது. அன்னைக்கு உங்க ஹோட்டல் காம்பவுண்டுதான் உங்களுக்கு மொத்த பாலியும்.

குரூப்ல இன்னைக்கு "எந்த ஏரியா"ன்னு போல் போடறதுக்கு முன்னாடி, வீட்டுக்கு ஒரு போன் பண்ணி அம்மாகிட்ட கேளுங்க: "படி ஏற முடியுமா? காலைல தனியா வாக்கிங் போகணுமா?" பதில் வந்ததும் போலே தேவைப்படாது. அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே.