நகரசபைக் கணக்கும் நமது கடமையும்

(தாம்பரம் பொதுக்கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



நகரசபையின் வரவு செலவைப் பற்றி நாம் பேசப் போவதாகச் சொன்னதும், சில நண்பர்கள், "அது கணக்குப்பிள்ளை சமாச்சாரமாயிற்றே, சாக்கடையைப் பற்றிப் பேசினால் கூட்டம் வருமா?" என்று கேட்டார்கள். மழை பெய்த மறுநாள் நம் வீட்டுக்குள் நுழைவது சாமியா, சாக்கடையா என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள். (சிரிப்பு)

2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கிய போது, "வருண பகவானின் கோபம்" என்று சொன்னவர்கள் உண்டு. வருணனுக்கு முடிச்சூர்க்காரர் மேல் என்ன தனிக்கோபம்? தண்ணீர் பள்ளத்தை நோக்கிப் போகும்; போகும் வழியை அடைத்து வீடு கட்டினால் வீட்டுக்குள் போகும். இதற்குச் சாஸ்திரம் படிக்க வேண்டியதில்லை.

சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் செம்பாக்கம் ஏரிக்கும், அது நிரம்பினால் நன்மங்கலத்துக்கும், கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்புக்கும் நீர் போக வேண்டும். ஆனால் சிட்லபாக்கம் ஒரு பேரூராட்சி, செம்பாக்கம் ஒரு நகராட்சி, நன்மங்கலம் ஒரு கிராம ஊராட்சி என்றிருந்த காலத்தில், தண்ணீர் ஒன்று, கணக்கு மூன்று. மேல் ஊர்க்காரர் கால்வாயைத் தூர்வாரிக் கீழ் ஊர்க்காரர் வாராவிட்டால் அந்தப் பணமும் தண்ணீரோடு போனதுதான்.

2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்ற 5 நகராட்சிகளையும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை என்ற 5 பேரூராட்சிகளையும் சேர்த்து, 70 வார்டுகள் கொண்ட தாம்பரம் மாநகராட்சியாக்கினார்கள். அதை நாம் வரவேற்கிறோம். அப்போதும் முடிச்சூர் வெளியேதான் விடப்பட்டது. பெயர்ப்பலகையைப் பெரிதாக்குவதால் மட்டும் கால்வாய் அகலமாகி விடாது, தோழர்களே!

இனி நம் ஜனங்களின் உரிமை எப்படியிருந்தது பாருங்கள். 2011 இல் தேர்ந்தெடுத்த நகர மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19 இல் நடந்தது. நடுவில் 5 வருஷத்துக்கு மேல் தனி அதிகாரிகளே ஆண்டார்கள். கேள்வி கேட்க ஒரு கவுன்சிலர் இல்லை. ஆனால் வரி கேட்பது ஒரு நாளாவது நின்றதா?

புது மன்றங்கள் பதவியேற்ற மறுமாதமே, 2022 ஏப்ரலில், சொத்து வரி உயர்வு வந்தது. 600 சதுர அடி வரை உள்ள வீட்டுக்கு 100க்கு 25 என்றும், 1,800க்கு மேற்பட்டதற்கு 100க்கு 100 என்றும் அரசாங்கம் தீர்மானித்தது. வரியே கூடாதென்று நாம் சொல்ல வரவில்லை. வரியில்லாமல் குழாயும் வராது, விளக்கும் எரியாது. கொடுத்தவனுக்குக் கணக்குக் காட்டு என்பதுதான் நம் கட்சி.

இதற்குச் சட்டமும் இருக்கிறது. 1993 இல் அமுலுக்கு வந்த 74 ஆவது அரசியல் சட்டத் திருத்தம், 3 லட்சம் ஜனங்களுக்குக் குறையாத நகரங்களில் வார்டுக் குழுக்கள் வேண்டுமென்கிறது. நம் தமிழ்நாட்டில் வார்டுக் குழு, பகுதிசபை விதிகள் வந்ததோ 2022 இல். அவ்வருஷம் நவம்பர் 1 ஆம் தேதி பம்மலில் நடந்த பகுதிசபையில் முதலமைச்சர் ஸ்டாலின் அவர்களே வந்து உட்கார்ந்தார். மெத்தச் சந்தோஷம். முதலமைச்சர் வராத நாளில் எத்தனை பேர் போய் உட்காருகிறோம் என்பதுதான் நம் கேள்வி.

உள்ளாட்சி என்றவுடன் உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள் உண்டு. பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆம் வருஷங்களில் வெட்டியது. ஏரிக்கென்றே ஒரு வாரியம் இருந்ததும், கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வரக்கூடாது என்றதும் நல்ல ஏற்பாடுகளே. ஆனால் நிலமும் சொந்த மனையும் வேதப்படிப்பும் உள்ளவன் பெயரைத்தானே குடத்தில் போட்டார்கள்? ஏரியை வெட்டிய கூலிக்காரனுக்கும், பெண்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலை உண்டா? 2022 இல் தாம்பரத்தின் முதல் மேயர் பதவி ஆதிதிராவிடப் பெண்ணுக்கென்று ஒதுக்கப்பட்டதே, அது கல்வெட்டின் தயவால் வந்ததல்ல. ஆகவே கணக்குக் கேட்கும் விதியை வைத்துக் கொண்டு, வேதம் கேட்கும் விதியைத் தள்ளி விடுவோம்.

ஆனால் இன்றைய பட்ஜெட்டோ, புரியாத மந்திரம் போலல்லவா இருக்கிறது? லட்சமும் கோடியுமாக வாசிக்கிறார்கள், நாம் தலையாட்டுகிறோம். வருவாய் நிதி தனி, குடிநீர் வடிகால் நிதி தனி, கல்வி நிதி தனி என்று கணக்கு வைத்திருப்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரியாதவரையில் கவுன்சிலர் பூசாரி, நாம் பக்தர்கள், தெருவிளக்கு ஒரு வரப்பிரசாதம்! (சிரிப்பு)

பிரேசில் தேசத்துப் போர்ட்டோ அலெக்ரி நகரில் 1989 முதல், அடுத்த வருஷப் பணத்தில் எந்த வேலை முதலில் என்பதைப் பேட்டை ஜனங்களே கூடிச் சொல்லும் முறையைக் கொண்டு வந்தார்கள். குடிசைவாசிகள் கேட்டது குழாயும் கழிவுநீர்க் கால்வாயுந்தான். அவர்களுக்கு முடிந்தது நமக்கு ஏன் முடியாது?

ஆகையால் தோழர்களே, பகுதிசபைக்குப் போங்கள். பட்ஜெட் வாசித்த பிறகல்ல, வாசிப்பதற்கு முன் போங்கள். நான்கு கேள்விகள் கேளுங்கள். நம் வார்டில் வசூலானது எவ்வளவு? நம் வார்டுக்குச் செலவானது எவ்வளவு? போன வருஷம் ஒப்புக் கொண்ட வேலையில் முடிந்தது எது, முடியாதது எது, ஏன்? நம் தெருத் தண்ணீர் எந்த ஏரிக்குப் போகிறது? பதிலைத் தமிழில், எழுத்தில் வாங்கி, தெருமுனையில் ஒட்டுங்கள். கேட்கும் கூட்டத்தில் மாடிவீட்டுக்காரர் மட்டும் இருந்தால் பயனில்லை. குடித்தனக்காரரும், துப்புரவுத் தொழிலாளரும், தண்ணீருக்குக் குடம் தூக்கும் தாய்மார்களும் முன்வரிசையில் உட்கார வேண்டும். எந்தக் குழாயில் என்று தண்ணீர் நின்றது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

விதியென்று இருப்பவன் வீட்டில் வெள்ளம் வரும்; விவரம் கேட்பவன் தெருவில் வடிகால் வரும்.