பல கை பட்ட கதை



ஒரு கதைக்கு ஒரே ஓர் ஆசிரியர்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அச்சுப் புத்தகத்தோடு சேர்ந்து நம்மிடம் வலுப்பட்ட ஒன்று. அட்டையிலே ஒரு பெயர். உள்ளே இருப்பதெல்லாம் அந்தப் பெயருக்குரியவரின் சொத்து. நமது பகுதி இளைஞர்கள் சிலர் இப்போது இந்த எண்ணத்தைத் தங்களை அறியாமலே கலைத்துக்கொண்டிருக்கிறார்கள். கல்முனையில் ஒருவர், நிந்தவூரில் ஒருவர், மருதமுனையில் ஒருவர், தொழிலுக்காகக் கட்டார் போயிருக்கும் ஒருவர் என்று ஏழு பேர் கைத்தொலைபேசி வழியாகக் கூடி ஒரே கதையை எழுதுகிறார்கள். ஆளுக்கொரு பாத்திரம். தன் பாத்திரம் என்ன சொன்னது, எங்கே போனது என்பதை அவரவரே எழுத வேண்டும். மற்றவர் தன் பாத்திரத்தின் வாயால் அதற்குப் பதில் எழுதுவார். அடுத்த வாரம் கதை எந்தப் பக்கம் திரும்பும் என்று ஒருவருக்கும் தெரியாது. இதை அவர்கள் விளையாட்டு என்கிறார்கள். இலக்கியத்துக்குப் பக்கத்து வளவு என்று நான் சொல்வேன். இடையிலே வேலி கிடையாது.

வெளிநாடுகளில் இந்த விளையாட்டுக்கு வயது அரை நூற்றாண்டு. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். மேசையைச் சுற்றி நண்பர்கள் இருந்து, ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ பேச, ஒருவர் நடுவராகக் கதையை நடத்துவார். 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோய் ட்ரப்ஷோ, ரிச்சர்ட் பார்ட்டில் என்ற இரு மாணவர்கள் கணினியில் ஓர் உலகத்தை அமைத்தார்கள். படம் கிடையாது; எல்லாம் எழுத்துத்தான். பலர் ஒரே நேரத்தில் அதற்குள் நுழைந்து ஒருவரையொருவர் சந்திக்கலாம். இணையத்தில் பலர் கூடி ஆடும் இன்றைய விளையாட்டுகளின் மூத்தவாப்பா அதுதான்.

ஆனால் பலர் கூடி ஒரு பாத்திரத்தை வளர்க்கும் வித்தையை நாம் எசெக்ஸிலிருந்து கற்க வேண்டியதில்லை. நமது கவிகளை எண்ணிப் பாருங்கள். வயற்காவலுக்குப் போனவர்கள் பரணில் இருந்துகொண்டு ஒருவர் கவி சொல்ல, அடுத்த பரணில் இருப்பவர் எதிர்க்கவி சொன்ன காலம் ஒன்று இருந்தது. பன்றிக்கும் யானைக்கும் விழித்திருக்க வேண்டிய இரவு. நித்திரையை விரட்ட நாலு வரி. அந்தக் கவிகளில் வருகின்ற ஆட்கள் யார்? மச்சான், மச்சி, உம்மா, வாப்பா, தூது போகும் ஒரு கிளி அல்லது புறா. நூற்றுக்கணக்கான கவிகளில் வருவது இதே மச்சானும் இதே மச்சியுந்தான். இந்த மச்சானைப் படைத்தவர் யார்? பெயர் கிடையாது. ஒருவர் அவனைத் தூர வயலுக்கு அனுப்பினார். ஒருவர் அவனை வாக்குத் தவற வைத்தார். இன்னொருவர் மச்சியின் குரலில் அவனுக்கு நல்ல கொடுவை கொடுத்தார். நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றவர்கள் தேடித் திரிந்து தொகுத்திருக்கா விட்டால் இவற்றில் பெரும்பகுதி அந்தப் பரண்களோடு போயிருக்கும்.

இத்தனை பேர் கைபட்டும் அந்த மச்சான் ஏன் சிதறிப் போகவில்லை? இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். பாடியவர்களுக்கும் கேட்டவர்களுக்கும் ஒரே ஊர் வழக்கம் என்பதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது. யார் யாருக்கு மச்சான் முறை, எந்தப் பேச்சை உம்மாவுக்கு முன்னால் பேசலாம், கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்திருப்பது எப்படி என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். மச்சானின் எல்லைக்கட்டு அதிலேயே இருந்தது. ஒருவர் அதைத் தாண்டிக் கவி சொன்னால் அடுத்த பரணில் இருப்பவர் எதிர்க்கவியாலேயே அவரைத் திருத்திவிடுவார்.

இன்றைய எழுத்து விளையாட்டில் அந்தப் பொதுவழக்கம் இல்லை. கட்டாரிலிருந்து எழுதுகிறவர் படித்த கதைகள் வேறு. மருதமுனைத் தங்கச்சி படித்தவை வேறு. அதனால்தான் உலகமெங்கும் இதை ஆடுகிறவர்கள் சட்டங்களை எழுதி வைத்திருக்கிறார்கள். முதற் சட்டம், அடுத்தவரின் பாத்திரத்தை நீ அசைக்கக் கூடாது. நீ வாளை ஓங்கலாம். அது பட்டதா இல்லையா என்பதை அவரே எழுத வேண்டும். இன்னொன்று, நீ அறிந்ததெல்லாம் உன் பாத்திரமும் அறிந்ததாகாது. கள்ளன் எங்கே ஒளிந்திருக்கிறான் என்று நீ வாசித்துவிட்டாய். உன் காவற்காரன் வாசிக்கவில்லை. கேட்கச் சுலபமாக இருக்கிறது. எழுதிப் பார்த்தால்தான் இது எவ்வளவு பெரிய அடக்கம் என்று விளங்கும். நாவல் எழுதும் நம்மவர் பலரிடமே இது குறைவு. கதாசிரியருக்குத் தெரிந்ததெல்லாம் கதாநாயகனுக்கும் தெரிந்துவிடுகிறது!

இவற்றோடு ஒரு மேற்பார்வையாளரும் வேண்டும். நமக்கு விளங்கும்படி சொன்னால், வட்டவிதானை. வட்டையிலே வயல் அவரவருடையது. தண்ணீர் பொதுவானது. மேல்வயற்காரர் மதகைத் திறந்தபடி விட்டால் கீழ்வயல் காயும். யார் வயலில் என்ன விதைப்பது என்று வட்டவிதானை சொல்வதில்லை. தண்ணீர் முறை தவறாமல் போகிறதா என்றுதான் பார்ப்பார். கதையை ஒழுங்குபடுத்துகிறவரும் அப்படித்தான். எந்த நாளில் எது நடந்தது, யார் எங்கே நிற்கிறார், எந்த முடிச்சு இன்னும் அவிழவில்லை என்று ஒரு கொப்பியில் எழுதி வைப்பது அவருடைய வேலை. வெள்ளிக்கிழமை அக்கரைப்பற்றுக்குப் போன ஆள் அதே மாலை கல்முனைச் சந்தையில் மீன் விலை கேட்கக் கூடாதல்லவா?

நான் சொன்ன ஏழு பேரிடமும் அந்தக் கொப்பி இருந்தது. இருந்தும் ஒரு வழக்கு வந்தது. அவர்களில் இருவர் என்னிடம் படித்தவர்கள் என்பதால் வழக்கும் என் வீட்டு விறாந்தைக்கு வந்து சேர்ந்தது. அவர்கள் எழுதிவந்தது ஒரு கடற்கரைக் கிராமத்தின் கதை. அதிலே ஒரு தோணிக்காரர். அவரை எழுதிய தம்பி, பரீட்சைக்காக மூன்று வாரம் ஒதுங்கியிருந்தார். கதை நகர வேண்டுமே! இன்னொரு தம்பி ஒரு புயலைக் கொண்டுவந்து தோணிக்காரரைக் கடலில் முடித்துவிட்டார். நன்றாகவும் எழுதியிருந்தார்; மற்றவர்கள் பாராட்டினார்கள்.

பரீட்சை முடிந்து திரும்பியவர் அதை வாசித்துவிட்டு ஒரு சொல்லும் எழுதாமல் கூட்டத்தை விட்டு விலகினார். காரணத்தை மற்றவர்கள் பிறகுதான் அறிந்தார்கள். 2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் எழுந்தபோது அவர் கைப்பிள்ளை. வாப்பா அன்று போனவர், ஜனாஸா கிடைக்கவில்லை. வாப்பா எப்படிப் பேசுவார், கோபம் வந்தால் எப்படி மூக்கைச் சொறிவார் என்று உம்மா சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்த பிள்ளை, அவ்வளவையும் சேர்த்து அந்தத் தோணிக்காரரை எழுதியிருந்தார். கதையிலே அவர் தினமும் கடலுக்குப் போய்த் தினமும் திரும்பி வருவார். கதைக்கு அது தேவையே இல்லை. அந்தத் தம்பிக்குத் தேவையாக இருந்தது.

“எங்களுக்குத் தெரியாதே, சேர். தெரிஞ்சிருந்தா எழுதியிருப்பேனா?” என்றார் புயலை எழுதியவர். அவர் சொன்னது உண்மை. ஆனால் சட்டம் இருப்பதே தெரியாதவற்றுக்காகத்தான் என்றேன். ஒரு பாத்திரத்துக்குள்ளே எழுதியவர் எதை வைத்திருக்கிறார் என்று வெளியே நிற்பவருக்குத் தெரிய வழியில்லை. எழுதியதை அழித்துவிடலாம் என்றார் ஒருவர். எல்லோரும் வாசித்துவிட்ட மரணத்தை எப்படி அழிப்பது? கடைசியில் மருதமுனைத் தங்கச்சிதான் வழி கண்டார். புயல் நடந்தது நடந்ததாகவே இருக்கட்டும். தோணி வெறுமையாகக் கரை ஒதுங்கியது என்பதோடு நிறுத்துவோம். மேலே என்ன என்பதைத் தோணிக்காரருக்கு உரியவர் எழுதட்டும். எவ்வளவு காலம் சென்றாலும் நாம் அந்தப் பக்கம் போவதில்லை. இதைக் கொப்பியிலும் எழுதி, எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அந்தத் தம்பி கூட்டத்துக்குத் திரும்பியிருக்கிறார். இப்போது வேறொரு பாத்திரம் எழுதுகிறார். தோணி கரையில் கிடக்கிறது.

கூட்டாக எழுதிய பெரியவர்களுக்கும் இந்தச் சிக்கல் தெரிந்தே இருந்தது. 1931இல் இங்கிலாந்தில் துப்பறியும் கதை எழுத்தாளர் கழகத்தினர் ‘த புளோட்டிங் அட்மிரல்’ என்ற நாவலைச் சேர்ந்து எழுதினார்கள். செஸ்டர்டன், டொரதி சேயர்ஸ், அகதா கிறிஸ்டி எல்லோரும் அதில் இருந்தார்கள். ஆளுக்கொரு அத்தியாயம். முன்னவர் விட்ட முடிச்சு ஒன்றையும் புறக்கணிக்கக் கூடாது. தன் மனத்தில் ஒரு விடை இல்லாமல் புதுச் சிக்கலைக் கொண்டுவரக் கூடாது. அந்த விடையையும் அத்தியாயத்தோடு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பின்னால் வருகிறவரைத் திண்டாட வைப்பதற்காகவே முடிச்சுப் போடுவதைத் தடுக்க இதைவிட நல்ல வழியை நான் காணவில்லை. இறுதி அத்தியாயம் அந்தனி பெர்க்லிக்கு வாய்த்தது. குழப்பத்தைக் கூட்டித் துப்புரவாக்கல் என்ற பொருளில் அதற்கு அவர் தலைப்பு வைத்தார். மனிதர் என்ன பாடுபட்டிருப்பார் என்று தலைப்பே சொல்கிறது.

நமது நாட்டிலும் 1960களின் தொடக்கத்தில் எஸ். பொன்னுத்துரை, கனக செந்திநாதன், குறமகள் முதலிய ஐவர் சேர்ந்து ‘மத்தாப்பு’ என்ற நாவலை எழுதினார்கள். ஐந்து பேரின் நடையும் ஐந்து விதம். கூட்டு நாவலில் நடை மாறுவதைக் குறையாகச் சொல்லும் விமர்சகர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு வட்டையில் எல்லா வயலும் ஒரே நாளில் கதிர் தள்ளுவதில்லை.

இன்னும் பழைய உதாரணம் ஒன்று நம் வீடுகளிலேயே இருக்கிறது. உமறுப் புலவர் 5027 விருத்தங்களில் சீறாப்புராணத்தைப் பாடினார். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்று காண்டங்கள் மூன்று. நபிகள் நாயகத்தின் வரலாறு அதிலே முற்றுப்பெறவில்லை. எஞ்சிய பகுதியைப் பின்னர் பனீ அகுமது மரைக்காயர் பாடினார். ‘சின்னச் சீறா’ என்று அதற்குப் பெயர். இங்கே புலவர் விருப்பப்படி எவரையும் வாழவைக்கவோ மாளவைக்கவோ முடியாது. வரலாறு முன்பே இருக்கிறது. அந்த வரம்புக்குள் நின்றுதான் இருவரும் பாடினார்கள். முன்னவர் நிறுத்திய இடத்தைப் பின்னவர் தன் தொடக்கமாக எடுத்துக்கொண்டார். தான் பாடியதை உமறுவின் பெயரில் சேர்த்துவிடாமல் தனி நூலாகவே வைத்தார். அந்த ஏழு பேருக்கும் இந்த இரு நூல்களையும் நான் காட்டியிருக்கிறேன். தோணிக்காரரின் தம்பிதான் சின்னச் சீறாவை வாசித்துவிட்டுத் தருகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.