புதுமனையில் ஓதம்



பாரிஸ் நகரத்து லூவர் அருங்காட்சியகத்தில் ஆளுயரத்துக்கும் மேற்பட்ட கரிய கல் ஒன்று நிற்கிறது. ஏறத்தாழ 3,750 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனை ஆண்ட ஹமுராபி மன்னனின் சட்டங்கள் அதிலே பொறிக்கப்பட்டுள்ளன. கட்டிய வீட்டின் சுவர் சாயத் தலைப்பட்டால், கட்டியவனே தன் கைப்பொருளைச் செலவிட்டு அதனை உறுதியாக்கித் தரவேண்டும் என்பது அவற்றுள் ஒரு விதி. வீடு இடிந்து உடையவன் மாண்டாலோ, கட்டியவனுக்கு மரண தண்டனை! அத்தகைய கடுமை நமக்கு வேண்டுவதில்லை. ஆயினும், வீடு கட்டினோரும் அதில் குடியேறினோரும் வழக்காடுவது புதிதன்று என்பது தெரிகிறதல்லவா?

என் நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற எழுத்தர், தம் சேமநிதி முழுவதையும் கொட்டி ஓர் அடுக்ககத்தில் வீடு வாங்கினார். முதல் மழைக்காலத்திலேயே படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறிற்று. அவருடைய துணைவியார் ஆஸ்துமா நோயாளி. அந்த அறையில் அவரால் படுக்க முடியவில்லை. கட்டுநரின் ஆட்கள் வந்தார்கள், சுரண்டினார்கள், வெள்ளையடித்துச் சென்றார்கள். அடுத்த மழையில் கறை முன்னிலும் பெரிதாக வந்தது. "நீங்கள் சன்னலைத் திறந்து வைப்பதில்லை, ஐயா" என்றார் மேற்பார்வையாளர். நல்ல விளக்கம்!

நண்பரின் மகள் கல்லூரி மாணவி. அவள்தான் விற்பனை ஒப்பந்தத்தை முதன்முதலாக முழுவதும் படித்தவள். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தையும் தேடிப் படித்தாள். அதன் 14-ஆவது பிரிவு கூறுவது இது: வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ, வேலைத்திறத்திலோ, தரத்திலோ குறை கண்டு தெரிவித்தால், கட்டுநர் 30 நாட்களுக்குள், மேற்கொண்டு பணம் கேளாமல், அதனைச் சரிசெய்து தரவேண்டும், தவறினால் வாங்கியவர் இழப்பீடு பெறலாம்.

'தெரிவித்தால்' என்னும் சொல்லைக் கவனியுங்கள். நண்பர் பத்துமுறை தொலைபேசியில் தெரிவித்திருந்தார். ஒன்றுக்கும் சான்று இல்லை. மகள் ஒரு குறிப்பேடு எடுத்தாள். கறையின் விளிம்பில் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதினாள். கோடு கடந்து கறை பரவப் பரவ மறுகோடு, மறுதேதி. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிழற்படம். விரிசலுக்கும் இம்முறை பொருந்தும். தூணும் செங்கற்சுவரும் கூடுமிடத்தில் மயிரிழைபோல் தோன்றி அங்கேயே நின்றுவிடும் விரிசல் பெரும்பாலும் பூச்சின் குறை. கோடு தாண்டி வளர்வதைப் பொறியாளர்தான் பார்க்கவேண்டும்.

பின்னர் ஒரு பொறியாளரை அழைத்தார்கள். அவர் மேல்வீட்டுக் குளியலறையின் வடிகால் வாயை அடைத்துத் தரையில் நீர் தேக்கச் செய்தார். மறுநாள் காலை சுவர் மறுபடி நனைந்தது. தளத்துக்கும் வடிகால் குழாய்க்கும் இடையில் பூசியடைக்காத சந்து. சன்னலுக்கும் அதற்கும் என்ன உறவு?

பொறியாளரின் அறிக்கை, நிழற்படங்கள், 14-ஆவது பிரிவு, 30 நாள் கெடு ஆகிய யாவும் சேர்ந்த கடிதம் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் சென்றது. கோபச்சொல் ஒன்றும் அதில் இல்லை. தந்தை எழுதிய முதற்படியில் நிறைய இருந்தனவாம், மகள் அடித்துவிட்டாள்.

கட்டுநர் இணங்காவிடில், மாநில ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் முறையிடலாம். நுகர்வோர் ஆணையமும் உண்டு. வீடு கட்டித் தருவதும் ஒரு சேவையே என்று 1993-ஆம் ஆண்டிலேயே உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. நண்பருக்கு அவ்வளவு தூரம் செல்ல நேரவில்லை. இருபத்தாறாம் நாள் கொத்தனாரும் குழாய்ப் பணியாளரும் வந்து, மேல்வீட்டுத் தரையைப் பெயர்த்துச் சந்தை அடைத்து, நீர்த்தடைப் பூச்சிட்டு, ஓடு பதித்தார்கள். கையொப்பம் கேட்டு ஒரு தாளை நீட்டினார் மேற்பார்வையாளர்: 'குறைகள் யாவும் தீர்ந்தன.'

"மறுபடி ஒருநாள் நீர் தேக்கிப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுகிறோம், ஐயா" என்றாள் மகள். அவ்வாறே தேக்கினார்கள். சுவர் உலர்ந்தே இருந்தது.