பழைய ஹைபிரிட் காரின் நோய்கள்



இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், மாரிகாலத்து இரவொன்றில், எங்கள் தோப்பூரில் பக்கத்து வீட்டுப் பெண்ணொருத்தியைப் பிரசவத்திற்காகத் திருகோணமலைக்குக் கொண்டுசெல்ல வேண்டியதாயிற்று. என் வீட்டு முற்றத்திலே கார் நிற்கின்றது, பெற்றோலும் இருக்கின்றது. ஆசனத்தில் அமர்ந்து பொத்தானை அழுத்தினேன். முகப்புப் பலகையிலுள்ள விளக்குகளெல்லாம் கந்தூரி மேடை விளக்குகளைப் போல ஒருங்கே மின்னி, மங்கி, மீண்டும் மின்னின. ‘றெடி’ என்னும் பச்சை எழுத்து மாத்திரம் தோன்றவேயில்லை. கூடிய இளைஞர்கள், “சேர், நியூட்றல்ல போடுங்க, தள்ளுவம்” என்று சட்டையை மடித்துக்கொண்டு வந்தார்கள். தள்ளினார்கள், கார் உருண்டது, ஆனால் உயிர் பெறவில்லை. அடுத்த தெருவிலிருந்து வானொன்று வந்து அப்பெண்ணை ஏற்றிச் சென்றது. பிள்ளை சுகமாகப் பிறந்தது. எனக்கோ அன்றிரவு உறக்கம் வரவில்லை.

மறுநாள் கராஜ் ஒன்றிலிருந்து வந்து பார்த்தவர், வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, “பெரிய பற்றரி முடிஞ்சு போச்சு, மாத்தத்தான் வேணும்” என்று தீர்ப்புக் கூறினார். இலட்சக் கணக்கில் செலவாகும் தீர்ப்பு அது. என்னிடம் முன்னர் படித்து, இப்பொழுது கார் திருத்தும் தொழில் செய்யும் தம்பியொருவர் மாலையில் வந்தார். கையடக்கமான ஒரு மானியை எடுத்து, பின்புறத்தில் ஒளிந்திருந்த சிறிய பற்றரியின் இரு முனைகளிலும் வைத்தார். அது 10.4 வோல்ற்றுக் காட்டிற்று. “சேர், ஆனை நல்லாத்தான் இருக்கு. பாகன்தான் எழும்பயில்ல” என்றார். புதிய சிறு பற்றரி ஒன்றை வைத்ததும் பச்சை எழுத்துத் தோன்றிவிட்டது.

பழைய ஹைபிரிட் கார்களைப் பற்றி இன்று பேச முன்வந்தமைக்கு இந்நிகழ்ச்சியே காரணம். நான் பொறியியல் கற்றவன் அல்லன், கலைப் பட்டதாரி. எனது வண்டி எந்த நிறுவனத்தினது என்பதும் இங்கு முக்கியமன்று. ஆனால் நம் நாட்டின் வீதிகளில் இத்தகைய கார்கள் ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன. யப்பானில் ஓடிக் களைத்து, கப்பலேறி வந்தவை அவற்றுட் பல. 2020ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேதான் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் உள்ள வண்டியைப் பேணுவதைத் தவிர எவருக்கும் வேறு கதியிருக்கவில்லை. எங்கள் பகுதியைப் பொறுத்தவரை, 2009இல் கிண்ணியாப் பாலமும், 2011இல் உப்பாறு, கங்கை, இறால்குழிப் பாலங்களும் திறக்கப்படும் வரையில் பாதையேறியும் கொட்டியாரக்குடாவைப் படகிற் கடந்துமே பட்டினத்திற்குச் சென்றோம். இப்பொழுது கார் என்பது வைத்தியசாலைக்குச் செல்லும் வழியாகிவிட்டது. ஆகவே அது நடு இரவில் எழும்ப மறுத்தால், அதனை வெறும் இயந்திரக் கோளாறு என்று ஒதுக்கிவிட முடியாது.

ஹைபிரிட் என்பது யாது? பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டரும் ஒரே வண்டியில் சேர்ந்து உழைக்கும் ஏற்பாடு. டொயோட்டா நிறுவனத்தார் 1997ஆம் ஆண்டு திசம்பரில் பிரியஸ் என்னும் காரை யப்பானில் விற்பனைக்கு விட்டபோது இம்முறை பெருவழக்கிற்கு வரத் தொடங்கிற்று. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் வேகத்தை மின்னாக மாற்றிச் சேமித்து, புறப்படும்போது அதனையே செலவிடுவதால் பெற்றோல் மிச்சமாகின்றது. அம்மின்னைச் சேமிப்பது பெரிய பற்றரி. 2003இல் வெளிவந்த இரண்டாந் தலைமுறைப் பிரியஸில் நிக்கல் உலோக ஐதரைட்டு வகைக் கலங்கள் 168 உண்டு. ஒவ்வொன்றும் 1.2 வோல்ற்று, மொத்தம் 201.6 வோல்ற்று. 2011இன் இறுதியில் வந்த அக்குவாவிலோ 120 கலங்கள், 144 வோல்ற்று.

இதற்குப் புறம்பாக, எந்தக் காரிலும் உள்ளதைப் போன்ற 12 வோல்ற்றுச் சிறு பற்றரியும் உண்டு. டொயோட்டா முறையில் இது எஞ்சினைச் சுழற்றுவதில்லை. அதற்கெனத் தனியான ஸ்ராற்றர் மோட்டரே கிடையாது. பெரிய பற்றரியின் வலுவில் ஒரு மின்மோட்டர் எஞ்சினைச் சுழற்றி எழுப்புகின்றது. சிறு பற்றரியின் வேலை கணினிகளை விழிக்கச் செய்வதும், பெரிய பற்றரிக்கும் வண்டிக்கும் இடையிலுள்ள மின்வாயிலைத் திறப்பதுமே. பள்ளிக்கூடத்துக் காவலாளி சாவிக்கொத்தோடு உறங்கிவிட்டால், அதிபரும் ஆசிரியரும் பிள்ளைகளும் படலைக்கு வெளியே நிற்க வேண்டியதுதானே! அன்றிரவு நடந்தது அதுவே. தள்ளிப் பயனில்லாமற் போனதும் இதனாலேதான். வாயில் திறவாதபோது சக்கரம் சுழன்றாலும் எஞ்சின் சுழலாது.

ஆதலின் வண்டி எழும்பாவிட்டால் முதலிற் சந்தேகிக்க வேண்டியது சிறு பற்றரியையே. ஓய்வில் இருக்கும்போது 12.6 வோல்ற்றளவு காட்டினால் அது நிறைவாக இருக்கின்றது. 12 வோல்ற்றிற்குக் கீழே இறங்கினால் மின் பெரிதும் வடிந்துவிட்டது. மின்னூட்டிய பின்னும் ஓரிரு நாளில் மீண்டும் இறங்குமாயின் மாற்ற வேண்டியதுதான். ‘றெடி’ எழுத்துத் தோன்றிய பின்னர் அளந்தால் 14 வோல்ற்றளவு இருத்தல் வேண்டும். இல்லையெனில் பெரிய பற்றரியிலிருந்து சிறியதற்கு மின்னூட்டும் மாற்றியிற் குறை இருக்கலாம். மானி மலிவான பொருள். பெரிய கடைகளில் மாத்திரம் கிடைப்பதுமன்று.

இங்கு ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். பிரியஸில் இந்தச் சிறு பற்றரி பின்புறப் பெட்டியினுள் இருக்கின்றது. பெட்டியின் பூட்டோ மின்னால் திறப்பது! பற்றரி செத்தால் பெட்டி திறவாது; பெட்டி திறவாவிட்டால் பற்றரியைத் தொட முடியாது. அமைத்தவர்கள் இதனை அறியாதவர்களல்லர். முன் மூடியின் கீழுள்ள பியூஸ் பெட்டியில், சிவப்பு மூடியிட்ட முனையொன்றை இதற்கென்றே வைத்திருக்கிறார்கள். அடுத்த வண்டியிலிருந்து அம்முனைக்கு மின் கொடுக்கலாம். நேர்முனையையும் எதிர்முனையையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் விலையுயர்ந்த கருவிகள் ஒரு நொடியிற் கருகும். உதவி செய்யும் நல்லெண்ணத்தோடு ஹைபிரிட் காரிலிருந்து ஒரு லொறிக்கோ உழவு இயந்திரத்துக்கோ மின் கொடுப்பதும் ஆகாது. அச்சிறு பற்றரிக்கும் அதன் மாற்றிக்கும் அவ்வளவு சுமை தாங்காது. மாற்றும்போது, ஆவி வெளியேறத் தனிக்குழாய் பொருத்தும் வகையையே வாங்க வேண்டும். ஆட்கள் அமரும் அறைக்குள் இருக்கும் பற்றரியின் அமில ஆவி எங்கே செல்லும் என்று ஒரு கணம் எண்ணினால் போதும்.

ஓடாமல் நிற்பதே சிறு பற்றரிக்குப் பெரும் பகை. 2022இல் பெற்றோல் இல்லாமல் வாரக்கணக்கில் வண்டிகள் முற்றங்களிலும் வரிசைகளிலும் நின்ற நாட்களை நாம் மறக்கவில்லை. வரிசையில் நிற்கும்போது வண்டியை ‘என்’ நிலையில் விட்டுவைப்பதும் தவறு. அந்நிலையில் பெரிய பற்றரி மின்னூட்டம் பெறாது. ‘பி’ நிலையில் நிறுத்தினால், தேவைப்படும்போது எஞ்சின் தானே எழுந்து மின்னூட்டும். பெற்றோல் முற்றாகத் தீர்ந்த பின்னும் மின்னின் வலுவில் இழுத்துக்கொண்டு போவது இதனினும் கேடு. எஞ்சினைச் சுழற்ற வேண்டிய வலுவையே அப்பயணம் தின்றுவிடும். பின்னர் பெற்றோல் ஊற்றினாலும் எழுப்ப ஆளில்லை.

இனிப் பெரிய பற்றரிக்கு வருவோம். அதே ஆண்டின் அறுவடைக் காலத்தில் என் வண்டியில் சிவப்பு முக்கோண விளக்கு எரிந்தது. பின் இருக்கைப் பக்கத்திலிருந்து, நெல் தூற்றும் காற்றாடியின் இரைச்சலைப் போன்ற ஓசை வந்தது. இம்முறை மெய்யாகவே முடிந்தது என்று எண்ணினேன். அத்தம்பி வந்து, பின் இருக்கையின் ஓரத்தில் இருந்த சல்லடை போன்ற ஒரு துவாரத்தைக் காட்டினார். நான் ஆசையோடு வாங்கிப் போட்ட இருக்கையுறை அதனைப் பாதி மூடியிருந்தது. உள்ளே இருந்த காற்றாடியைக் கழற்றி எடுத்தபோது, அதன் இதழ்களில் அல்லைத் திட்ட வயல்களின் உமித்தூசியும் தும்பும் படிந்து கம்பளியாகத் திரண்டிருந்தன.

நிக்கல் பற்றரிக்கு வெப்பம் ஆகாது. காரின் உள்ளே நாம் சுவாசிக்கும் காற்றையே அக்காற்றாடி இழுத்துப் பற்றரியைக் குளிர்விக்கின்றது. ஆகவே துவாரத்தை மூடுவது பற்றரியின் மூக்கைப் பொத்துவதாகும். இந்த ஏற்பாடு திருகோணமலை வெயிலிற் சற்றுத் தடுமாறுவதில் வியப்பில்லை. வருடத்திற்கு ஒருமுறை, அறுவடை முடிந்த பின்னர், அக்காற்றாடியைத் துப்புரவு செய்தல் நன்று. வெயிலில் நின்ற காரை எடுத்தால், கண்ணாடிகளைச் சிறிது நேரம் இறக்கி, பின்னர் குளிரூட்டியைப் போட்டு ஓட்டுங்கள். அது ஆடம்பரமன்று, பற்றரிக்கு மருந்து. துப்புரவு செய்து, குறியீட்டை அழித்த பின்னர், அந்த முக்கோணம் என் கண்ணிற் படவேயில்லை.

எனினும் எல்லாக் குற்றமும் தூசியினுடையது என்று நான் கூற வரவில்லை. திரையில் பற்றரியின் அளவு சில நிமிடத்தில் உச்சிக்கு ஏறி, ஒரு சிறு மேட்டிலே அடிக்கு இறங்குமாயின் கலங்கள் மூப்படைந்துவிட்டன. அப்பொழுது கணினியைக் கருவியால் வினவ வேண்டும். ‘பி0ஏ80’ என்னும் குறியீடு பற்றரியின் தளர்ச்சியைக் குறிக்கும். ஆனால் குறியீட்டோடு நின்றுவிடலாகாது. முன் சொன்ன பிரியஸில் கலங்கள் ஆறாறாகச் சேர்ந்து 28 தொகுதிகளாகவும், தொகுதிகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து 14 கூறுகளாகவும் அளக்கப்படுகின்றன. வண்டி வலுவாக இழுக்கும்போது பதினான்கும் ஏறக்குறைய ஒன்றாக இறங்கினால் நன்று. ஒன்று மாத்திரம் மற்றவற்றை விட ஒரு வோல்ற்றுக்கு மேல் விழுந்தால் அங்கே நோய். சில வேளைகளில் கலம் நன்றாகவே இருக்க, தொகுதிகளை இணைக்கும் செப்புத் தகடுகளிற் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். கடற்காற்று வீசும் ஊரில் அதனையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

கெட்ட தொகுதியை மாத்திரம் மாற்றித் தருவோரும் உளர். செலவு குறைவு, உண்மைதான். ஆனால் ஒரே வயதுடைய 28 பேரில் ஒருவர் விழுந்தால் மற்றவர்களும் நெடுந்தொலைவில் இல்லை. சில மாதம் கழித்து இன்னொன்று, பின்னர் இன்னொன்று என்று கராஜுக்கு நடக்க நேரலாம். வண்டியை விற்பதற்காக இப்படிச் செய்து கொடுப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. பணம் திரட்டும் வரை சமாளிக்கச் செய்தால் அது வேறு.

இவ்விடத்தில் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. கைத்தொலைபேசியிற் படம் பார்த்துவிட்டு வீட்டு முற்றத்தில் பெரிய பற்றரியைப் பிரிக்க முற்படாதீர்கள். செம்மஞ்சள் நிறக் கேபிள்கள் அங்கு எச்சரிக்கைக்காகவே இருக்கின்றன. 200 வோல்ற்று நேரோட்டம் ஆளைக் கொல்ல வல்லது. செம்மஞ்சட் செருகியைக் கழற்றிப் பத்து நிமிடம் பொறுத்தால் மின்கொள்ளிகளில் தங்கிய மின் வடியும். ஆனால் கலங்களிலுள்ள மின் எங்கும் போவதில்லை. செருகி வெளியே இருந்தாலும் பற்றரிப் பெட்டிக்குள் உயிர் உண்டு. பயிற்சியும், மின் புகாத கையுறையும் உள்ளவர்களே அதனைத் திறக்கலாம்.

எஞ்சினைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். ஏனெனில் எஞ்சினின் குற்றம் பற்றரியின் தலையில் விழுவதுண்டு. காற்றுப் புகும் வாயிலிற் கரி படிந்தாலும், ஸ்பார்க் பிளக் தேய்ந்தாலும் எஞ்சின் தளர்கின்றது. அக்குறையை ஈடுசெய்யப் பற்றரி அதிகம் உழைக்கின்றது. பெற்றோற் செலவு கூடிற்று, பற்றரி போய்விட்டது என்பார்கள். வாயிலைத் துடைத்துப் பார்த்தல் அவ்வளவு கடினமா?

2009இல் வந்த 1.8 லீற்றர்ப் பிரியஸ் வைத்திருப்போர் காலை வேளையிற் செவி கொடுத்துக் கேளுங்கள். முதன்முதல் எஞ்சின் எழும்போது வண்டி நோயாளியைப் போலக் குலுங்கி, ஒரு நிமிடத்தில் அடங்குமாயின், குளிராக்கி நீரின் மட்டத்தைப் பாருங்கள். வெளியே எங்கும் ஒழுகாமல் நீர் குறைந்தால், அது காஸ்கெற் வழியாகச் சிலிண்டருக்குள் கசிகின்றது என்று ஐயுறலாம். புகையின் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் குழாய்வழியில் கரி அடைப்பதும், அதனைத் தொடர்ந்து வெப்பம் மிகுவதும் இவ்வகை எஞ்சினில் அறியப்பட்ட பிணி. காலத்திற் குழாயைத் துப்புரவு செய்தவர்கள் எஞ்சினைப் பிரிக்கும் செலவிலிருந்து தப்பலாம். குலுங்கலைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால், பின்னர் பேச்சு எஞ்சினையே மாற்றுவதைப் பற்றியதாக இருக்கும். மின்னை மாற்றியமைக்கும் இன்வேற்றருக்கும் தனியான குளிராக்கி நீரும் தனி மின்பம்பும் உண்டு. ‘றெடி’ நிலையில் அதன் தொட்டியை நோக்கினால் நீர் அசைந்து சுழலக் காணலாம். அசையாவிட்டால் பம்பு நின்றுவிட்டது, வண்டியை ஓட்டாதீர்கள்.

அந்த இரவுக்குப் பின்னர் காரின் இழுப்பறையில் ஒரு மானி வைத்திருக்கிறேன். விடுமுறை நாட்களில், வாரத்திற்கு ஒருமுறை, அரை மணி நேரமாவது வண்டியை ‘றெடி’ நிலையில் வைக்கின்றேன். பெரிய பற்றரிக்கும் வயதாகின்றது. அதற்கென மாதந்தோறும் சிறிது பணம் ஒதுக்கி வருகின்றேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை இப்பொழுது நடக்கின்றது. கார்ச் சக்கரத்தைத் தட்டி விளையாடுகின்றது. சென்ற வெள்ளிக்கிழமை சிறு பற்றரியை அளந்தேன், 12.5 வோல்ற்று.