கேள்வியிலிருந்து தொடங்குக

(விழா மேடையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் இளைஞர்கள் சிலர், பல சமயத்தாரும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள உதவும் கைப்பேசிச் செயலி ஒன்றை வடிவமைக்க முனைந்துள்ளனர். அதன் முன்வரைவை எனக்குக் காட்டினர். இருபத்துநான்கு தீர்த்தங்கரர் பெயர்கள், திருக்கோயிற் படங்கள், பண்டிகைப் பட்டியல் யாவும் அதில் உள. அண்டை வீட்டார் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றுகூட இல்லை.

அக்கேள்விகளை நாம் அறிவோம். "ஜெயின் என்றால் சேட்டுதானே? வீட்டில் எப்படித் தமிழ் பேசுகிறீர்கள்?" ஆவடியின் படைத்துறைத் தொழிற்சாலைகளும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் பல மாநிலத்தாரை இங்குக் கொணர்ந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகிறோம். ஒருவர் உணவு முறையின் காரணம் மற்றவர்க்குத் தெரியாது. நம் பிள்ளையோ பள்ளியில் அக்கேள்விக்கு விடை கூற அறியாமல், 'ஆம்' என்று தலையசைத்துவிடுகிறது. என் கவலை அதுவே.

கேட்கத் தெரிந்த ஒருவரை நினைவூட்டுகிறேன். 1880இல் சேலம் இராமசாமி முதலியார் சீவக சிந்தாமணி பற்றி வினவியபோது, கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியராகிய உ.வே. சாமிநாதையர் அந்நூலைக் கற்றிருக்கவில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்றவர் அவர். எனினும் சமண மரபுச் சொற்கள் அவர்க்குப் பிடிபடவில்லை. அவ்வூரிலேயே வாழ்ந்த சமணர் வீடுகளைத் தேடிச் சென்றார். தாம் ஏட்டில் தடுமாறிய நூல் அங்கே பாராயண நூலாக ஓதப்படுவதைக் கண்டு வியந்தார். சந்திரநாத செட்டியார் முதலியோரிடம் ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தார். 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. பதிப்பு வரலாறு எழுதுவோர் ஏடு தேடிய கதையை விரித்துரைப்பர். இந்த வீடு தேடிய கதையை விரைந்து கடந்துவிடுவர்.

ஆகவே, இளைஞர்களே, செயலியின் முதற்பக்கத்தில் கேள்விகள் நிற்கட்டும். விடைகளை வீடுதோறும் சென்று நம் பாட்டிமார் குரலிலேயே பதிவு செய்யுங்கள். ஒரே கேள்விக்கு இரண்டு வீடுகள் வெவ்வேறு விடை தந்தால் இரண்டையும் வையுங்கள். திருத்தி ஒன்றாக்க வேண்டா.

அன்றன்று கதிரவன் மறையும் நேரத்தையும் காட்டுங்கள். சென்னையில் அது நவம்பர் இறுதியில் மாலை 5.40 அளவிலும், ஜூலைத் தொடக்கத்தில் 6.40 அளவிலும் நிகழ்கிறது. இதை அறிந்தவர், இரவு எட்டு மணிக்கு இலை விரித்துவிட்டு நாம் உண்ணவில்லையே என்று வருந்தமாட்டார். ரமலான் மாதத்தில் பூவிருந்தவல்லி இஸ்லாமிய அன்பர்க்கும் அதே நேரம் தேவை. நாம் உணவை முடித்துக்கொள்ளும் வேளையில் அவர் நோன்பு திறக்கிறார். அவருடைய நோன்பைப் பற்றி நம்மில் எத்தனை பேர் அவரிடம் கேட்டிருக்கிறோம்?

மண்டப வாயிலில் தாள்கள் வைத்திருக்கிறார்கள். அண்டை வீட்டார் உங்களிடம் கேட்ட கேள்வி ஒன்று, நீங்கள் அவரிடம் கேட்க எண்ணிக் கேளாதுவிட்ட கேள்வி ஒன்று. இரண்டையும் எழுதிவிட்டு உணவுக்குச் செல்லலாம். பொழுது சாய இன்னும் நேரம் இருக்கிறது.