பொழுதைப் பெயராகக் கொண்ட பறவை



ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு காலையில், கம்பத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில், மைனாவினும் சிறிய பறவையொன்று முருங்கையடிச் சருகுகளைக் கிளறிக்கொண்டிருந்தது. பச்சை முதுகு, சிறகில் நீலத்திட்டு, கண்ணின் குறுக்கே கருங்கோடு, குட்டை வாலின் கீழே செம்மை. உடனே, 'பெயரறியாப் பறவையே' என்று கவிதை தொடங்கிவிட்டேன்.

அந்தியில் அதன் இரட்டைச் சீழ்க்கை எழுந்தது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர், "ஆறுமணிக்குருவி ஐயா. விடியலிலும் பொழுது சாயும்போதும் கூப்பிடும்" என்றார். 1941இல் முதன்முதலாக வெளிவந்த சாலிம் அலியின் பறவை நூலைப் புரட்டினேன். பெரியவர் சொன்னது சரியே. இமய அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் கூடுகட்டும் அப்பறவை, குளிர்காலத்தைக் கழிக்கத் தென்னகத்துக்கும் இலங்கைக்கும் வருகிறது.

எழுதிய தாளைக் கிழித்தேன். பறவைக்குப் பெயர் முன்பே இருந்தது, அறியாமை என்னுடையது. மண்ணில் உழைப்போர் செவிகொடுத்துக் கேட்டு, அது கூவும் பொழுதையே அதற்குப் பெயராக்கியிருந்தனர்.

குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களைப் பெயர்சொல்லி அடுக்கிய கபிலரின் வழிவந்தோர் நாம். 'ஏதோவொரு பறவை' என்று எழுதுமுன் சற்றே நின்று பார்ப்போம், அறிந்தவரைக் கேட்போம்.