உடம்பு பிடித்துவிடுதல்: நன்மையும் எச்சரிக்கையும்



விடியுமுன்னே தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் இறங்குவோர், தாழ்ந்த வெட்டுக்கு இடுப்பை வளைக்கின்றனர்; உயர்ந்த வெட்டுக்குக் கழுத்தை அண்ணாந்து தோளைத் தூக்குகின்றனர். நூற்றுக்கணக்கான மரங்களுக்கும் அதே அசைவுதான். பின்னர் பால் நிறைந்த வாளிகளையும் சுமத்தல் வேண்டும். மாலையில் இடுப்பும் தோளும் மணிக்கட்டும் வலிப்பதில் வியப்பென்ன? அவ்வலிக்கு நம் வீடுகளில் தொன்றுதொட்டுச் செய்துவரும் மருத்துவம், உடம்பைப் பிடித்துவிடுவதே. அதைப் பற்றியே இன்று பேச விழைகிறோம்.

ஓயாது உழைத்த தசை இறுகிவிடும். வெதுவெதுப்பான எண்ணெய் தடவி, உள்ளங்கையால் நீவி, மெல்லப் பிசையும்போது இறுக்கம் தளர்கிறது. மனம் அமைதியுற்று நல்லுறக்கம் வருகிறது. நாட்பட்ட இடுப்பு வலிக்கும் இதனால் சிறிது காலம் தணிவு கிடைக்கும். தணிவு என்றோமேயன்றித் தீர்வு என்றோமில்லை. சகல நோயும் பறந்தோடும் என அச்சிட்டு வரும் துண்டுத்தாள்களை அடுப்பு மூட்டப் பயன்படுத்தலாம்.

நம் நாட்டில் ஒவ்வோர் இனத்தாரும் இக்கலையைத் தத்தம் முறையில் போற்றி வருகின்றனர். நம்மவர் எண்ணெய் தேய்த்து உருவுவர். வர்மம் கற்ற ஆசான்கள் உடம்பின் குறிப்பிட்ட இடங்களை மட்டும் தொட்டு இயக்குவர். மலாய்க்காரரின் 'உருட்' முறையில் எண்ணெயிட்டு நீள அழுத்தி நீவுவர். பிள்ளை பெற்ற தாய்க்குப் பீடான் உடம்பு பிடித்து, சூடேற்றிய கல்லைத் துணியில் சுற்றி ஒற்றடமிட்டு, வயிற்றுக்குக் கச்சை கட்டுவார். சீனரின் 'துய்னா', தள்ளியும் பற்றியும் செய்வது; பெரும்பாலும் ஆடைமீதே செய்வர். அரசாங்க மருத்துவமனைகளிலும் இதற்கு இடமுண்டு. 2007இல் கெப்பாளா பத்தாஸில் முதல் மரபு மருத்துவப் பிரிவு தோன்றியது. நாட்பட்ட வலி உடையோருக்கும் பக்கவாதம் கண்டோருக்கும் இத்தகைய பிரிவுகளில் பிடித்துவிடுகின்றனர்.

இனி, கை வைக்கலாகாத இடங்களைக் காண்போம். அறுவை செய்து பிள்ளை பெற்றவரின் வயிற்றை, மருத்துவர் இசைவின்றி அழுத்தலாகாது. பேறுகாலத்தை ஒட்டி ஒரு காலின் ஆடுசதை மட்டும் வீங்கி வலித்தால், அங்கே குருதி உறைந்திருக்கக்கூடும். அதனைப் பிசைந்தால் அக்கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்து உயிரையே பறித்துவிடும். பச்சிளங் குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பது தாய்க்கும் சேய்க்கும் இன்பமே. ஆயினும் மூக்கில் எண்ணெய் விடும் பழக்கம் அறவே ஒழிதல் வேண்டும், பாட்டிமார் கோபித்தாலும் சரி. அவ்வெண்ணெய் நுரையீரலுள் இறங்கினால் சளிக்காய்ச்சல் காணும். நீரிழிவால் கால் மரத்தவருக்குச் சூட்டு ஒற்றடம் கூடாது. தோல் வெந்தாலும் அவர் உணரார்.

தோட்டத்தில் அடிக்கடி நேர்வது வேறொன்று. மழை பெய்த மேட்டில் ஒருவர் வழுக்கி விழுகிறார், கணுக்கால் வீங்குகிறது. சுளுக்கு என்று கருதி, நால்வர் பிடித்துக்கொள்ள ஒருவர் இழுத்து உருவுகிறார். முறிந்த எலும்பாயின் அதன் முனை பிறழ்ந்து நரம்பையும் குருதிக் குழாயையும் சிதைத்துவிடும். காலை ஊன்றி நான்கடி நடக்க இயலாவிட்டாலும், கணுக்கால் எலும்பைத் தொட்டால் வலி தாளாவிட்டாலும், உருவாமல் எக்ஸ்ரே படம் எடுக்கச் செல்க. அதுவரை காலை உயர்த்தி வைத்துக் குளிர்ந்த துணியைச் சுற்றினால் போதும்.

இதில் பணமும் அடங்கியுள்ளது. வேலையில் நேர்ந்த விபத்தை முதலாளி 48 மணி நேரத்துக்குள் பெர்கெசோவுக்கு அறிவித்தல் வேண்டும். எனவே கிராணியிடம் அன்றே சொல்லுங்கள். கிளினிக்கிலும் அன்றே காட்டி, வேலையில் விழுந்ததாகவே எழுதச் சொல்லுங்கள். ஒரு வாரம் எண்ணெய் தேய்த்துப் பார்த்துவிட்டுப் போனால், அடி எங்கே பட்டது என்னும் கேள்விக்குச் சான்று காட்டுவது அரிதாகிவிடும்.